மூணாவது படி வரைக்கும்

பிப்ரவரி 9

என் தம்பி பெத்த தங்கத்துக்கு,

அத்தை எழுதுறேன். முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்ல. அதுவும் சாமி குடுத்ததுதானேன்னு தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டு சும்மா இருக்கேன். உன் வயித்துப் புண்ணு எப்படி இருக்கு? நேரத்துக்குச் சாப்பிடுறியா, இல்ல பைல பிஸ்கட் பாக்கெட்டை வச்சுக்கிட்டு ஆபீஸ்ல அலையிறியா? உங்கப்பனுக்குச் சர்க்கரை எறங்குச்சா? அவன் கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவான். நீயே பார்த்து எழுது.

போன் பண்ணாம கடுதாசி எழுதுறேன்னு கோச்சுக்காத. நான் போன்ல பேசினா தெருக்கோடி தையல்காரி வரைக்கும் கேக்கும்னு உனக்கே தெரியும். இது அவளுக்குக் கேக்கக் கூடாத விஷயம்.

போன வாரம் பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டாங்க. உங்க தண்ணித் துறையில இருந்து ஒரு அதிகாரி வந்து மைக்கைப் பிடிச்சு ஒன்றரை மணி நேரம் பேசினாரு. பாவம், மைக் வேலை செய்யல, அது அவருக்குத் தெரியவும் இல்ல. முன்னாடி உட்கார்ந்ததுனால எனக்குக் கேட்டுச்சு. மழைத் தண்ணியை இனிமே ஓட விடக் கூடாதாம். முன்னாடி எங்கெங்க தண்ணி நின்னுச்சோ அங்கங்க மறுபடி நிக்கணுமாம். பள்ளத்தை வடிய வச்சு உழுதவங்க வாய்க்காலை மூடணுமாம். தண்ணிக்குள்ள போற நிலத்துக்கு அரசாங்கம் வருஷா வருஷம் ஈடு குடுக்குமாம், ஆனா உழக் கூடாதாம். நம்ம பள்ளத்தோட பேரும் பட்டியல்ல இருக்கு.

எழுந்து போய்ப் பட்டியலை நானே பார்த்தேன் தங்கம். நம்ம பள்ளம்! என் வீட்டுக்கும் என் வீட்டுக்காரரோட அண்ணன் நிலத்துக்கும் நடுவுல கெடக்குதே, அதேதான்.

நீ சட்டம் எழுதுற பிரிவுலதானே இருக்க? இது நெசந்தானா, இல்ல ஓட்டுக்குச் சொல்றாங்களா? உடனே எழுது. உனக்காகத் தினமும் அஞ்சு மணிக்கு எழுந்து வேண்டிக்கிறேன், உன் மேலதிகாரிக்காகவும் சேர்த்து.

அத்தை

பிப்ரவரி 24

அன்பான அத்தைக்கு,

வயிறு பரவாயில்ல. அப்பாவுக்குச் சர்க்கரை எறங்கல, ஆனா இனிப்பு டப்பாவை நான் ஒளிச்சு வச்சுட்டேன். உங்க முட்டிக்கு டாக்டரைப் பாருங்க, சாமியே போதும்னு இருக்காதீங்க.

திட்டம் நெசந்தான். அந்தச் சட்டத்துல பாதி நான் உட்கார்ந்து எழுதினது. மூணு வருஷ வேலை அத்தை. மேல பெய்யிற மழை ஒரே நாள்ல ஆத்துக்கு ஓடிடுது. கீழ இருக்கிற ஊர் முழுகுது, மூணு மாசம் கழிச்சு அதே ஊர்ல கிணறு வத்துது. பள்ளத்துல நின்னா மண்ணுக்குள்ள எறங்கும், மெதுவா வரும். இதுக்கு அணை எதுவும் வேண்டாம், பழைய எடத்தைத் தண்ணிக்குத் திருப்பிக் குடுத்தாலே போதும்.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஏழு பேர் கொண்ட குழு உண்டு. அதுல ஒரு எடம் சொந்த நிலம் வச்சிருக்கிற விதவைக்கு. அந்த வரியை எழுதும்போது உங்களைத்தான் நெனச்சேன். கேட்டுப் பாருங்களேன்?

உங்க மருமக

மார்ச் 3

தங்கமே,

நீ நல்லா இருக்கணும், உன் கை நல்லா இருக்கணும். நான் சௌக்கியம். டாக்டரைப் பார்த்தேன், முட்டி தேஞ்சு போச்சாம். தேயட்டும், அம்பத்தாறு வருஷம் ஒழைச்சிருக்கு.

குழுவுல எனக்கு எடம் கெடச்சாச்சு. போட்டிக்கு ஆளே இல்ல. இன்னும் ரெண்டு விதவைங்க நிலத்தோட இருக்காங்க, ஒருத்திக்குக் காது கேக்காது, இன்னொருத்திக்கு மகன் விடல. தலைவரு நம்ம கொல்லர். நல்ல மனுஷன், ஆனா யாரு கடைசியா பேசினாங்களோ அவங்க பக்கம் சாஞ்சிடுவாரு.

இப்ப மனசு விட்டுச் சொல்றேன் கேளு. அந்த வருஷம் நீ லீவுக்கு இங்க வந்திருந்த, பன்னெண்டு வயசு இருக்கும். அவன், அதான் உங்க மாமாவோட அண்ணன், மிஷினைக் கொண்டு வந்து பள்ளத்துக்கு வாய்க்கால் வெட்டினான். ஊர்ல அவனுக்கு மிஷின்காரன்னே பேரு, நானும் அப்படியே சொல்றேன். பள்ளம் வடிஞ்சுது, உழுதான், சோளம் போட்டான். வடிஞ்ச தண்ணி எங்க போச்சு? வாய்க்கால் திரும்புற எடம் என் கீழ் வயல்தானே. மொத மழைக்கே கரை ஒடைஞ்சுது. உங்க மாமா போய்க் கேட்டாரு. கூடப் பொறந்தவன்தானேன்னு உரிமையோட கேட்டாரு. அவன் சிரிச்சான் தங்கம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு நான் கேட்டேன் அந்தச் சிரிப்பை.

அப்புறம் ரெண்டு நாள் இடுப்பு அளவு தண்ணியில நின்னு மூட்டை அடுக்கினாரு உங்க மாமா. ரெண்டாவது நாள் சாயந்தரம் குளிர் காய்ச்சல். மூணு மாசம் நெஞ்சுல கட்டிக்கிட்டு இருமினாரு. அவரு போன அன்னைக்கு அவன் வந்தான், வாசல்ல உட்கார்ந்தான், தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எல்லாரும் பாவம்னாங்க. அதே வாரத்துல வாய்க்காலை இன்னும் ரெண்டடி ஆழம் வெட்டினான். கீழ் வயல் மொத்தமும் மணலாச்சு. மிச்சம் இருக்கிறது இந்த மேட்டு வயலும் வீடும்தான்.

பதினாறு வருஷமா நான் தினமும் கும்பிடுறேன். பகைவனை மன்னிக்கணும்னு வாய் சொல்லும். மனசு பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்கும்.

நேராக் கேக்குறேன். பள்ளத்துல அவன் உழுற பகுதி போகும், அது சரி. எனக்கு அது பத்தாது. அதுக்கு மேல அவனோட எட்டு ஏக்கரும் தண்ணிக்குள்ள போகணும். அவன் கண்ணு முன்னாடி போகணும், அவன் அதைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். அதுக்குச் சட்டத்துல எந்த வரி? நீ எழுதினவ, உனக்குத் தெரியாததா?

சாப்பிடு. பால் குடி.

அத்தை

மார்ச் 20

அத்தை,

ரொம்ப நேரம் உங்க கடிதத்தைக் கையிலயே வச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு மாமா இருமினது ஞாபகம் இருக்கு. நான் பக்கத்து ரூம்ல படுத்திருந்தேன்.

ஆனா நீங்க கேக்குறதை நான் செய்ய மாட்டேன். யாரையும் பழிவாங்க எழுதின சட்டம் இல்ல இது. பெரிய மாமா எவ்வளவு மோசமானவரா இருந்தாலும் அவர் நிலம் தண்ணிக்குள்ள வரணுமா இல்லையான்னு தண்ணிதான் சொல்லணும். நீங்க குழுவுல இருக்கிறதுனால இன்னும் கவனமா இருக்கணும், தெரியுதா?

முறையைச் சொல்றேன், அப்ப புரியும். நம்ம பள்ளத்துக்குப் பழைய பதிவு எதுவும் இல்ல. அதனால பள்ளத்தைச் சுத்தி நிலம் வச்சிருக்கிறவங்க ஒவ்வொருத்தரும், வாய்க்கால் வெட்டுறதுக்கு முன்னாடி தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுன்னு சத்தியம் பண்ணி கையெழுத்துப் போடணும். யாரு நிலத்தைப் பத்தி வேணும்னாலும் சொல்லலாம். எல்லாரும் தன் நிலத்தைக் காப்பாத்த கம்மியாத்தான் சொல்லுவாங்கன்னு எங்களுக்குத் தெரியும். அதனால இருக்கிறதுலயே எது அதிக மட்டமோ அந்த வாக்குமூலத்தையே எடுத்துக்கணும்னு வச்சோம். அந்த வரியும் நான் எழுதினதுதான். வாய்க்கால் வாயில மதகு வச்சு, தண்ணி அந்த மட்டத்துக்கு நிக்கிற மாதிரி பலகை போடுவாங்க, அவ்வளவுதான்.

சத்தியம் பண்ணி நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு நம்புறேன். பொய் வாக்குமூலத்துக்குத் தண்டனை உண்டு, ஆனா யாரும் நிரூபிக்க முடியாது, அது வேற விஷயம்.

கோபமா எழுதிட்டேன்னு நெனைக்காதீங்க. முட்டியைப் பார்த்துக்கோங்க.

உங்க மருமக

ஏப்ரல் 2

தங்கத்துக்கு அத்தையோட ஆசீர்வாதம்.

நீ திட்டினது சரிதான். நீ சொன்னதை ரெண்டு தடவை படிச்சேன், அந்த முறை எழுதின பக்கத்தை மட்டும் இன்னும் ரெண்டு தடவை படிச்சேன். எவ்வளவு தெளிவா எழுதுற! பள்ளிக்கூடத்துல உன்னை வாயாடின்னு அடிச்ச வாத்தியாரு இப்ப இருந்தா காட்டலாம்.

நான் ஏன் பொய் சொல்லப் போறேன்? சாமி படத்து முன்னாடி நின்னு கையெழுத்துப் போட்டேன். வாய்க்காலுக்கு முன்னாடி தண்ணி என் கீழ் வேலி வரைக்கும் நின்னுச்சு, அதுக்கு மேல ஒரு விரல் கூட ஏறினது இல்ல. அதையே எழுதிக் குடுத்துட்டேன். மனசு லேசாயிடுச்சு.

ஒரே பயம்தான். என் வீட்டு வாசப்படி அஞ்சு இருக்கே, அதுல எதையாவது தண்ணி தொட்டுச்சுன்னா நான் எங்க போவேன்? மேட்டு வயலும் போயிடும். இதை நெனச்சு நெனச்சு நேத்து தையல்காரி கடையில அழுதுட்டேன். "யாராச்சும் என் படி வரைக்கும் நின்னுச்சுன்னு சொல்லிட்டா நான் அனாதையாயிடுவேன்டி"ன்னு சொல்லி அழுதேன். அவ எனக்குத் தண்ணி குடுத்து, "அக்கா, யாரு அப்படிச் சொல்லப் போறாங்க?"ன்னா. நல்லவ. ஆனா அவ வாய்தான் உனக்குத் தெரியுமே. அவ புருஷன் மிஷின்காரன்கிட்டத்தான் டிராக்டர் ஓட்டுறான்.

வயசான காலத்துல கண்ணீர் சீக்கிரம் வருது. என்ன பண்ண?

உங்கப்பனைக் கேட்டதாச் சொல்லு. இனிப்பு டப்பாவை அலமாரிக்கு மேல வைக்காத, அவன் ஸ்டூல் போட்டு ஏறுவான். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்.

அத்தை

மே 11

அத்தை,

நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இல்ல. இன்னைக்கு நம்ம பள்ளத்தோட கோப்பு என் மேசைக்கு வந்துச்சு.

பெரிய மாமா சத்தியம் பண்ணி வாக்குமூலம் குடுத்திருக்காரு. வாய்க்காலுக்கு முன்னாடி தண்ணி உங்க வீட்டு மூணாவது படி வரைக்கும் வருஷத்துல நாலு மாசம் நின்னுச்சாம். "என் தம்பி படியில உட்கார்ந்து கால் கழுவுவான், நானே பார்த்திருக்கேன்"னு எழுதியிருக்காரு. செத்துப் போனவரைச் சாட்சிக்கு இழுத்திருக்காரு அத்தை. படிக்கும்போதே எனக்கு உடம்பு எரிஞ்சுது.

மத்த எல்லாரும் சொன்னதை விட இது நாலடி அதிகம். சட்டப்படி இதைத்தான் எடுக்கணும். அந்த வரியை எழுதின கையை ஒடிக்கணும் போல இருக்கு. எல்லாரும் கம்மியாத்தான் சொல்லுவாங்கன்னு நெனச்சோம். பக்கத்து வீட்டுக்காரியைக் கெடுக்க ஒருத்தன் அதிகமாச் சொல்லுவான்னு எங்க ரூம்ல இருந்த பதினாலு பேருக்கும் தோணல.

ஆனா இன்னொரு விஷயம். அளவையாளர் உங்க மூணாவது படியோட மட்டத்தைப் பிடிச்சு, பள்ளத்தைச் சுத்தி அதே மட்டத்துல கோடு போட்டுட்டாரு. நான் வரைபடத்தை விரிச்சுப் பார்த்தேன். அந்தப் பக்கம் கோடு பெரிய மாமாவோட எட்டு ஏக்கரையும் சுத்தி, பம்ப் ரூமுக்குப் பின்னாடி போய்த்தான் திரும்புது. எட்டு ஏக்கரும் உள்ள, உங்க ரெண்டு பேரைத் தவிர மத்தவங்க நிலத்தைக் கோடு தொடல. அவர் நிலம் மேடுதானே? எப்படி?

அறிவிப்பு ஒட்டின நாள்ல இருந்து முப்பது நாளைக்குள்ள யாரு ஆட்சேபம் சொன்னாலும் மறுபடி அளப்பாங்க. அவரே வாக்குமூலத்தைத் திரும்ப வாங்கினாலும் சரி. உடனே ஆட்சேபம் எழுதுங்க. உங்க வீடு போகுது அத்தை!

உங்க மருமக

மே 29

அத்தை,

பதில் இல்லையே. உடம்பு சரியில்லையா? போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறீங்க. தையல்காரிக்கு அடிச்சேன், "அக்கா நல்லா இருக்காங்க, புதுசா பாட்டெல்லாம் பாடுறாங்க"ன்னு சொல்றா.

அறிவிப்பு மே 9ஆம் தேதி ஒட்டினதா கோப்புல இருக்கு. ஒட்டினவங்க கையெழுத்து உங்களோடது. ஜூன் 8 கடைசி நாள். வெறும் ஒரு வரி போதும், "ஒத்துக்கல"ன்னு எழுதி அனுப்புங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்.

உங்க மருமக

ஜூன் 12

என் செல்லமே,

ரெண்டு கடுதாசியும் சேர்ந்து கெடச்சுது. தபால்காரர் லீவு. அப்படியே வச்சுக்கோ.

நான் நல்லா இருக்கேன். முட்டி கூட வலிக்கல, அது எப்படின்னு தெரியல. உன் வயிறு எரிய வேண்டாம், ஆறின பால் குடி.

அவன் நிலம் மேடுதானேன்னு கேட்டிருந்த. மேடாத்தான் இருந்துச்சு. ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி பெரிய அறுவடை மிஷின் வாங்கினான். அதுக்குச் சமமான தரை வேணும்னு எட்டு ஏக்கரையும் வழிச்சு, மேல் மண்ணைச் செங்கல் சூளைக்கு வித்தான். ஒரு கோடை முழுக்க லாரி என் வாசல் வழியாத்தான் போச்சு. நான் வெளுத்துப் போட்ட துணியெல்லாம் செம்மண். தொண்ணூத்தி ஒண்ணு நாள். எத்தனை லாரின்னு கூட நான் சொல்லுவேன், வேண்டாம். நிலம் ஆள் உயரத்துக்கு மேல எறங்கிடுச்சு. அவன் மனசுல மட்டும் அது இன்னும் மேடாவே இருக்கு. அவன் என்னைக்கு அந்த நிலத்துல கால் வச்சு நடந்தான்? மிஷின் மேல உட்கார்ந்து பார்த்தா எல்லாம் மேடுதான்.

அறிவிப்பு ஒட்டுற வேலை குழுவுல எனக்குன்னு வந்துச்சு, நான் கேக்கல. சரி, கேட்டேன். பள்ளிக்கூடச் சுவத்துல எழுத்தையும் வரைபடத்தையும் பக்கத்துப் பக்கத்துல ஒட்டினேன். சட்டப்படி சத்தமாப் படிக்கணும்னு இருக்கு, மூணு தடவை படிச்சேன். நாப்பது பேரு இருந்தாங்க. அவன் முன்னாடி வந்தான், கண்ணாடி போட்டுக்கிட்டான். விரலை வச்சு என் வீட்டைத் தேடினான். கண்டுபிடிச்சான். என் வாசல்ல அந்த நீலக் கோடு போறதை அப்படியே தடவிப் பார்த்தான் தங்கம், குழந்தை கன்னத்தைத் தடவுற மாதிரி.

நான் கேட்டேன், "எல்லாருக்கும் புரிஞ்சுதா? சந்தேகம் இருந்தா கேளுங்க. முப்பது நாள் இருக்கு."

கொல்லர் கேட்டாரு, "ஏம்மா, உன் வீடு போகுதே, நீ ஒண்ணும் சொல்லலையா?"

"அரசாங்கம் சொன்னா சரிதான் அண்ணே"ன்னேன்.

அவன் திரும்பி எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னான், "தண்ணிக்கு எடம் விடணும்ல? நாமதான் பெருந்தன்மையா இருக்கணும்." சொல்லிட்டு சிரிச்சான். பதினாறு வருஷம் கழிச்சு அதே சிரிப்பு.

அவன் விரல் அந்தக் கோட்டை விட்டு எதிர்ப்பக்கம் ஒரு சாண் நகர்ந்திருந்தா போதும். நகரல. கண்ணாடியைக் கழட்டிப் பையில வச்சுக்கிட்டான்.

நான் ஒரு பொய் கூடச் சொல்லல. சாமி என் வாயைக் கேட்டா நான் காட்டுவேன். அழுதேன், அது மட்டும்தான். அழறதுக்குத் தண்டனை உண்டா உன் சட்டத்துல?

வீட்டைப் பத்திக் கவலைப்படாத. முப்பது வருஷம் வயலுக்குத் தண்ணி கட்டினவ நான். மூணாவது படியில நின்னா அந்தப் பக்கம் எது வரைக்கும் நிக்கும்னு அளவையாளர் வந்துதான் எனக்குச் சொல்லணுமா?

அத்தை

ஜூலை 3

அத்தை,

அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் எறங்கியிருக்கு. எனக்கு வயிறு மோசம். உங்களுக்கு எப்படின்னு நான் கேக்கல, உங்க கடிதத்துலயே தெரியுது.

என்னை வச்சே என் சட்டத்தை வளைச்சுட்டீங்க. ஒரு வாரம் உங்க மேல கோபமா இருந்தேன். அப்புறம் ஒரு உண்மையைச் சொல்லியாகணும்னு தோணுச்சு. முப்பது நாள் முடியறதுக்கு முன்னாடி பெரிய மாமாவுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். "வரைபடத்துல உங்க பக்கத்தைப் பாருங்க"ன்னு ஒரே வரி. கவர்ல போட்டு ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் எடுத்துட்டுப் போனேன். ரெண்டு நாள் கைப்பையிலயே இருந்துச்சு. கெடு முடிஞ்ச மறுநாள், ஒம்பதாம் தேதி, கிழிச்சுப் போட்டேன். அதனால உங்களைக் கேள்வி கேக்குற யோக்கியதை எனக்கு இல்ல.

அடுத்த மாசம் மதகுல பலகை போடுவாங்க. அதை எறக்கணும்னா குழுவுல ஏழு பேரும் ஒத்துக்கணும், ஒருத்தர் மாட்டேன்னாலும் கெடையாது.

எங்க இயக்குநர் ஆண்டறிக்கையில உங்களைப் பத்திப் போடச் சொல்றாரு. தன் சொந்த நிலத்தையும் வீட்டு வாசலையும் ஆட்சேபம் இல்லாம தண்ணிக்கு விட்ட விதவை விவசாயி, எல்லாருக்கும் முன்மாதிரின்னு. அதை எழுதுற வேலை எனக்கு வந்திருக்கு. எந்த முகத்தோட எழுதுவேன்?

மழைக்கு முன்னாடி இங்க வந்துடுங்க. மாடியில ஒரு ரூம் சும்மா இருக்கு, ஜன்னல் பக்கம் வெளிச்சம் நல்லா வரும். கெஞ்சிக் கேக்குறேன்.

உங்க மருமக

அக்டோபர் 18

என் தங்கத்துக்கு,

இத்தனை நாள் எழுதலைன்னு வருத்தப்படாத. கையெல்லாம் ஈரமாவே இருந்துச்சு. உன் வயிறு ஆறணும்னு தெனம் வேண்டிக்கிறேன், உங்கப்பனுக்கும் சேர்த்துத்தான்.

மழை இருபத்தி ரெண்டு நாள் விடாம பேஞ்சுது. மொத வாரம் பள்ளம் நெறஞ்சுது. ரெண்டாவது வாரம் என் கீழ் வேலி. அப்புறம் மேட்டு வயல். அப்புறம் மொத படி, ரெண்டாவது படி. மூணாவது படிக்கு வந்து நின்னுடுச்சு தங்கம், ஒரு விரல் கூட ஏறல எறங்கல. உங்க அளவையாளர் கெட்டிக்காரர்.

அந்தப் பக்கத்தைச் சொல்லவா? எட்டு ஏக்கரும் ஒரே கண்ணாடி. சோளம் இடுப்பு உயரம் வந்திருந்துச்சு, நுனி மட்டும் கொஞ்ச நாள் தெரிஞ்சுது. அறுவடை மிஷினைக் கொட்டகையில இருந்து எடுக்க மறந்துட்டான். பாதி டயர் வரைக்கும் தண்ணி. வாத்துங்க அதுக்கு அடியில போய் வருது. நான் காலையில கும்பிட்டு முடிச்சு டீயைக் கையில எடுத்துக்கிட்டு நாலாவது படியில உட்காருவேன். அவன் அந்தக் கரையில வந்து நிப்பான். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நிப்பான்.

கீழ் ஊர்ல எல்லாக் கிணத்துலயும் தண்ணி ஏறியிருக்காம். அந்த ஊர்க்காரங்க நாலு பேரு வந்து என் காலைத் தொடப் போனாங்க. "முட்டியைத் தொடாதீங்க, வலிக்கும்"னேன். உன் அறிக்கைக்குப் போட்டோ எடுக்க ஒருத்தர் வந்தாரு. அந்தப் பக்கம் தெரியிற மாதிரி நிக்க வச்சு எடுங்கன்னேன்.

முந்தாநாள் அவன் என் வீட்டுக்கு வந்தான். ரோட்டைச் சுத்தி வந்து, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு, தண்ணியில எறங்கி ரெண்டாவது படியில நின்னான். இந்தப் பதினாறு வருஷத்துல என் வாசலுக்கு வரல. நேர்ல நான் அவன் இவன்னு பேச மாட்டேன், வளர்த்த விதம் அப்படி.

"வாங்க"ன்னேன். "உட்காரச் சொல்லலாம்னா படி ஈரமா இருக்கு."

"அம்மா"ன்னான். என்னை அம்மான்னு கூப்பிட்டான் தங்கம். "நாளைக்குக் குழு கூடுது. கொல்லர்கிட்டப் பேசிட்டேன், அஞ்சு பேரு சரின்னுட்டாங்க. ஆறாவது ஆளும் சரிங்குவாரு. ரெண்டு பலகை எடுத்தா போதும்."

"எடுத்தா?"

"என் நிலம் தப்பிச்சிடும். உன் வீடும் தப்பிக்கும்ல? மேட்டு வயலும் கெடைக்கும். ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?"

"எனக்கு நல்லது நடந்தா உங்களுக்கும் நடந்துடுமே"ன்னேன்.

தண்ணியையே பார்த்தான். வயசாயிடுச்சு அவனுக்கு, கழுத்துல தோல் தொங்குது. அப்புறம் வாயைத் தெறந்தான். "தம்பி விஷயத்துல நான்..."னு ஆரம்பிச்சான்.

நான் டீ கிளாஸைக் கீழ வச்சேன். ஒரு வாக்கியம்தான் தங்கம். அதை அவன் முடிச்சிருந்தா நான் ரெண்டு பலகை என்ன, மதகையே பிடுங்கிப் போட்டிருப்பேனோ என்னமோ. சாமி சத்தியமா எனக்கே தெரியல.

அவன் முடிக்கல. தொண்டையைச் செருமிக்கிட்டு, "மிஷின் தவணையில வாங்கினது"ன்னான்.

நேத்து குழு கூடுச்சு. கொல்லர் ஒவ்வொருத்தரையா கேட்டாரு. ஆறு கை தூக்கியாச்சு. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. "உன் வீட்டுக்காகத்தான்மா கேக்குறோம்"னாரு. நான் கையை மடியிலயே வச்சுக்கிட்டேன். "தண்ணிக்கு எடம் விடணும்ல அண்ணே? நாமதான் பெருந்தன்மையா இருக்கணும்"னேன். மூணு பேரு கண்ணைத் தொடைச்சாங்க. என்னை மகான்னு நெனைக்கிறாங்க போல.

சட்டப்படி இனி அடுத்த வருஷம்தான் பேச்சு. அப்பவும் என் கை மடியிலதான் இருக்கும்.

வீட்டுல பின் ரூம்ல ஓதம் ஏறிடுச்சு. கட்டிலுக்கு அடியில செங்கல் வச்சு உயர்த்தியிருக்கேன். அரிசி மூட்டையைப் பரணுக்கு ஏத்திட்டேன். சுவர் ரெண்டு வருஷம் தாங்கும்னு கொத்தனார் சொல்றாரு. போதும்.

உன் மாடி ரூமைச் சும்மா வச்சிருக்காத, யாருக்காச்சும் வாடகைக்கு விட்டுடு. நான் அங்க வந்துட்டா காலையில அவன் வந்து நிக்கிறதை யாரு பாக்குறது?

உடம்பைப் பார்த்துக்கோ கண்ணு. எனக்கு ரொம்ப நல்லா இருக்கு.

அத்தை